75,000 ரூபாய்க்குள் மென்பொருள் வேலைக்கு லேப்டாப்: எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சிப் பணியாளராகச் சேரவிருக்கிறீர்கள். முதல் ஓராண்டுக்குச் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஜாவா ஸ்பிரிங் பூட்டில் சர்வர் பக்க வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகள்போலப் பிரித்து ஓட்டும் டாக்கர், இடையிடையே ஃபிளட்டர் என்ற கருவியில் ஆண்ட்ராய்டு செயலி. வாரத்தில் சில நாட்கள் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் கோவைக்குப் போய்வர வேண்டும். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. கையில் 75,000 ரூபாய் இருக்கிறது. காந்திபுரத்துக் கடைக்காரர் ஐ7 பிராசஸரும் 8 ஜிபி ராமும் உள்ள லேப்டாப்பைக் காட்டுகிறார். அண்ணன் கேமிங் லேப்டாப்தான் உழைக்கும் என்கிறார். கூடப் படித்த தோழி மேக்புக் ஏர் வாங்கச் சொல்கிறார். இவற்றில் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வேலைக்கும் உங்கள் பணத்துக்கும் இந்த மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து. 16 ஜிபி ராம், இன்னொரு ராம் போடக் காலியான ஸ்லாட், நடுத்தரமான ஆறு அல்லது எட்டு கோர் பிராசஸர், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில் எடை, 14 அங்குலத் திரை, வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் வாரண்டி ஆகியவை உள்ள ஒன்றைத் தேடுங்கள். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. இப்படிச் சொல்வதற்கு ஒரே அடிப்படைதான் இருக்கிறது: வாங்கிய பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு இப்போதே பணம் கொடுக்க வேண்டும்; மாற்ற முடிந்தவற்றைச் சம்பளம் வரத் தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். பிராசஸர், திரை, கீபோர்டு, எடை, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு ஆகியவை கடைசிவரை மாறாதவை. எஸ்.எஸ்.டி. பெரும்பாலான லேப்டாப்களில் மாற்றக்கூடியது. ராம் மட்டும் சில மாடல்களில் மாற்றக்கூடியதாகவும் சிலவற்றில் மாற்ற முடியாததாகவும் இருக்கிறது. வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

கடைக்குப் போவதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் விண்டோஸ்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்களா, லினக்ஸும் போதுமா என்பது ஒன்று. ஐஃபோனுக்கான செயலியையும் நீங்கள் உருவாக்க வேண்டியிருக்குமா என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ராமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வேலையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். ஒரு சாதாரணக் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 தனக்கென்று மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொண்டிருக்கும். நிரல் எழுதும் மென்பொருளான இன்டெல்லிஜே ஐடியாவில் ஓரளவு பெரிய ஸ்பிரிங் திட்டத்தைத் திறந்தால் இரண்டு ஜிபிக்கு மேல் போகும். ஸ்பிரிங் சர்வர் தனியாக ஒரு ஜாவா செயல்பாடாக ஓடும். டாக்கர் டெஸ்க்டாப், விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸ் துணைஅமைப்பின் வழியாக ஓடுகிறது. அந்தத் துணைஅமைப்பு இயல்பாகவே மொத்த ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறது. பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்கள் திறந்திருக்கும். மாலையில் ஃபிளட்டர் வேலைக்கு மாறினால் கணினிக்குள்ளேயே ஒரு போனைப்போல ஓடும் ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்கு இரண்டு முதல் நான்கு ஜிபி, செயலியைக் கட்டும் கிரேடில் என்ற கருவிக்கு இன்னும் சில ஜிபி. இவ்வளவும் 8 ஜிபிக்குள் அடங்காது. அடங்காதபோது கணினி எஸ்.எஸ்.டி.யை ராம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது பிராசஸர் ஐ7 ஆனாலும் ஐ9 ஆனாலும் நீங்கள் எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் தோன்றுவதற்காகக் காத்திருப்பீர்கள். எமுலேட்டரோடு சேர்த்துப் பயன்படுத்த 16 ஜிபியாவது வேண்டும், 32 ஜிபி நல்லது என்று ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் அதிகாரப்பூர்வத் தேவைப் பட்டியலே சொல்கிறது. ஆகவே கடைக்காரர் காட்டிய லேப்டாப்பை அதன் 8 ஜிபி ஒன்றுக்காகவே தள்ளிவிடலாம்.

அவர் உடனே, "இப்ப எட்டு போதும்மா, வேணும்னா பின்னால ஏத்திக்கலாம்" என்பார். ஏற்ற முடியுமா என்பதை அவர் வாயிலிருந்து கேட்க வேண்டாம்; அங்கேயே பார்த்துவிடலாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். வலது கீழ்ப் பக்கம் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி இருக்கும். அதில் சோடிம் என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ராம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் அது மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டது. அதற்கு மேலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் இருக்கும். பற்றவைத்த ராமுக்கு அந்த எண்ணிக்கை சில சமயம் நான்குக்கு நான்கு, எட்டுக்கு எட்டு என்று பொருத்தமில்லாமல் காட்டும். அதை ஸ்லாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில மாடல்களில் 8 ஜிபி பற்றவைக்கப்பட்டிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். கடைக்குப் போகாமலே தெரிந்துகொள்ள வேண்டுமானால், லெனோவோவுக்குப் பி.எஸ்.ரெஃப் என்ற விவரத் தளம் இருக்கிறது, எச்.பி. தன் மாடல்களுக்குப் பழுதுபார்ப்புக் கையேட்டையே வெளியிடுகிறது. ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதைவிட இவற்றை நம்பலாம்.

எல்.பி.டி.டி.ஆர்.5 அல்லது எல்.பி.டி.டி.ஆர்.5எக்ஸ் என்று விவரத்தில் இருந்தால், இன்று கடைகளில் கிடைக்கும் லேப்டாப்களில் அது கழற்ற முடியாத ராம் என்றே கொள்ளுங்கள். அது கெட்ட ராம் என்று நான் சொல்லவில்லை. வேகமும் மின்சிக்கனமும் உடையது. ஆனால் அப்படிப்பட்ட மாடலை 16 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 16 ஜிபிதான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருளுக்கு அது எனக்குக் கொஞ்சம் இறுக்கமாகவே படுகிறது.

இங்கே இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்மைக்காலம்வரை ராம் மலிவாக இருந்ததால், குறைவாக வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்வது நல்ல உத்தியாக இருந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவைக்கு மெமரித் தயாரிப்பாளர்கள் முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியதால், 2025இன் கடைசி மாதங்களிலிருந்து ராமின் விலை கடுமையாக ஏறியது. எனவே 16 ஜிபியை லேப்டாப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதுவும் ஒரே 16 ஜிபி பட்டையாக இருந்து, பக்கத்து ஸ்லாட் காலியாக இருப்பது உங்களுக்கு நல்லது. இரண்டு 8 ஜிபி பட்டைகளாக இருந்தால் இரட்டைப் பாதையில் ஓடி வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகம் அதிகம் தெரிவது உள்ளமைந்த கிராபிக்ஸைச் சார்ந்த வேலைகளில். நீங்கள் 32 ஜிபிக்குப் போகும் நாளில் அந்த இரண்டு பட்டைகளையும் கழற்றி மேசை டிராயரில் போட வேண்டிவரும்.

பிராசஸருக்கு வருவோம். ஐ5, ஐ7 என்ற பெயர்கள் தரவரிசை என்று நம்பித்தான் நம் ஊரில் பெரும்பாலானோர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. யூ என்று முடிந்தால் பொதுவாக 15 வாட் அளவில் ஓடும் சிக்கனமான பிராசஸர். எச் என்று முடிந்தால் 45 வாட் அளவிலானது. இன்டெல்லின் 13ஆம் தலைமுறையில் ஐ7 1355யூ என்பதில் வலுவான கோர்கள் இரண்டுதான், மற்ற எட்டும் சிறிய கோர்கள். அதே தலைமுறையின் ஐ5 13500எச்சில் வலுவான கோர்கள் நான்கு, சிறியவை எட்டு. பெரிய ஜாவா திட்டத்தைக் கட்டும்போது எல்லாக் கோர்களும் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அங்கே அந்த ஐ5 இந்த ஐ7ஐ முந்திவிடும். அதற்குப் பதிலாகப் பேட்டரி சீக்கிரம் இறங்கும், விசிறி சத்தம் போடும். உங்களுக்கு எது முக்கியம் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஏ.எம்.டி.யின் ரைசன் வரிசையில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520யூவில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர்கள், அதன் ராமும் பற்றவைக்கப்பட்டது. 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர்கள். 7730யூவும் ஜென் 3தான், ஆனால் எட்டுக் கோர்கள். 7640, 7840 என்று தொடங்குபவை ஜென் 4. எண்ணில் பத்தே வித்தியாசமுள்ள 7520யூவும் 7530யூவும் இரண்டு வெவ்வேறு காலத்துச் சரக்குகள் என்பது கடையின் விலைச்சீட்டில் தெரியாது. உங்கள் பட்ஜெட்டில் ரைசன் 5 7530யூவோ, ரைசன் 7 7730யூவோ, இன்டெல் ஐ5 13420எச்சோ கிடைத்தால் போதுமானது. அதைவிடப் புதியது அதே விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் புதிய பிராசஸருக்காக ராமைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கான என்.பி.யூ. உள்ளே இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கென்று இன்றைக்குத் தனியாக ஒரு ரூபாய்கூட நான் கொடுக்க மாட்டேன், நீங்கள் நிரல் எழுதும் மென்பொருளும் கம்பைலரும் அதைத் தொடப்போவதில்லை. ஸ்னாப்டிராகன் பிராசஸரில் ஓடும் விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் சிறந்தவை என்றாலும், டாக்கர், எமுலேட்டர், லினக்ஸ் என்று பல கருவிகளைக் கலந்து வேலை செய்பவருக்கு முதல் லேப்டாப்பாக அவற்றைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது.

வெப்பத்தைப் பற்றி ஊரை வைத்துத்தான் பேச வேண்டும். இணையத்தில் பார்க்கும் மதிப்புரைகளில் பல குளிர்சாதன அறையில் எடுக்கப்பட்டவை. உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயின் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஓட்டு வீட்டின் மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யும் லேப்டாப்புக்கு உள்ளே இழுக்கக் கிடைப்பதே சூடான காற்றுதான். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிக மெல்லிய உடலில் எச் வகைப் பிராசஸரைத் திணித்த லேப்டாப்களில் நீங்கள் கொடுத்த கூடுதல் பணம் ஏப்ரல் மாதத்து மதியத்தில் பயன்படாமல் போவது இப்படித்தான். அடிப்பகுதியில் காற்று நுழையும் துளைகள் விசாலமாக இருக்கின்றனவா, சூடான காற்று திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே வெளியேறுகிறதா, பக்கவாட்டில் மவுஸ் பிடிக்கும் கைமேல் அடிக்கிறதா என்று பாருங்கள். கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது பின்மூடியைத் திறந்து விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். சாதாரண ஸ்க்ரூக்கள் உள்ள மாடலா, ரப்பர் காலுக்கு அடியில் ஸ்க்ரூக்களை ஒளித்துவைத்த மாடலா என்பது அன்றைக்குத் தெரியும்.

அண்ணன் சொல்லும் கேமிங் லேப்டாப்பில் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு நன்றாக இருக்கும், ராம் ஸ்லாட்டும் பெரும்பாலும் இரண்டு இருக்கும். அந்த அளவில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கு கிராபிக்ஸ் அட்டைக்குப் போகிறது. ஜாவா, போஸ்ட்கிரெஸ், ஃபிளட்டர் ஆகியவற்றில் எதற்கும் அந்த அட்டை தேவையில்லை. கேம் உருவாக்கவோ, என்விடியாவின் குடா வழியாக மெஷின் லேர்னிங் மாடல்களைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டவோ போகிறீர்கள் என்றால் பேச்சு வேறு. லேப்டாப் இரண்டேகால் கிலோ, அதன் சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல். காலை நேரத்து வேலந்தாவளம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவருக்கு இந்த எடை ஒரு மாதத்தில் தோள்வலியாகத் தெரியும். பேட்டரியும் ஆபீஸ் மீட்டிங் ஒன்று முடிவதற்குள் சார்ஜரைத் தேடவைக்கும்.

மேக்புக் ஏரைப் பற்றித் தோழி சொல்வது தவறில்லை. விசிறியே இல்லாமல் அவ்வளவு வேகத்தையும் நாள் முழுக்க நிற்கும் பேட்டரியையும் தரும் லேப்டாப் இந்த விலைப்பக்கத்தில் வேறில்லை. 2024 அக்டோபரிலிருந்து அதன் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி கொடுக்கிறார்கள். ஆனால் 2025 மார்ச்சில் எம்4 சிப் உள்ள ஏர் வந்தபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை 99,900 ரூபாய். அந்த விலைக்குச் சேமிப்பு 256 ஜிபிதான். ராமையும் சேமிப்பையும் வாங்கிய பிறகு ஏற்ற வழியில்லை. டாக்கர் அதிலும் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினிக்குள்தான் ஓடுகிறது. ஐஃபோன் செயலியைச் சொந்தக் கணினியிலேயே கட்ட வேண்டுமானால் ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற கருவி வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும். நிறுவனம் அந்த வேலையைத் தரப்போகிறது என்றால் கடன் வாங்கியாவது மேக் வாங்கலாம், அல்லது அதை நிறுவனமே வாங்கித் தரட்டும். எப்போதாவது ஒருமுறை என்றால் மேக் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் கிளவுட் சேவைகள் போதும். பழைய எம்1 ஏர் 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். மேலே ராமைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

திரையில் நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, 16க்கு 10 என்ற விகிதத்தில், 1920க்கு 1200 புள்ளிகள் உள்ள திரை. பழைய 1080 புள்ளி உயரத்தைவிட ஒரு திரையில் சில வரிகள் கூடுதலாகத் தெரியும், நாள் முழுக்க நிரல் படிப்பவருக்கு அது பெரிய நிம்மதி. இரண்டாவது, 300 நிட்ஸாவது ஒளி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் 250 நிட்ஸ் திரை மங்கிவிடும். மூன்றாவது, பளபளக்காத மேற்பரப்பு. நிறத் துல்லியத்தைப் பற்றி வடிவமைப்பாளர்கள் கவலைப்படட்டும். சின்னத் திரையில் கண் வலித்தால், முதல் சில சம்பளங்களுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு 24 அங்குல மானிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், 15.6 அங்குல லேப்டாப்பைத் தினமும் சுமப்பதைவிட அது நல்லது. கீபோர்டை நின்றுகொண்டு ஒரு விரலால் தட்டிப் பார்க்காமல், நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பத்து வரியாவது அடித்துப் பாருங்கள். அம்புக்குறி விசைகளும் ஹோம், எண்ட் விசைகளும் எங்கே இருக்கின்றன என்பது உங்களுக்கு எப்போதும் தேவைப்படும் விஷயம். சில மாடல்களில் பவர் பட்டன் டெலிட் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

டைப் சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலாக இருக்கட்டும். ஆபீஸில் ஒரு சார்ஜர், வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். போன் சார்ஜர் லேப்டாப்புக்கும் 65 வாட் கொடுப்பதாக இருந்தால் அவசரத்துக்கு உதவும். பேட்டரி அளவைப் பொறுத்தவரை 41, 42 வாட் மணி என்று போட்டிருப்பவை எமுலேட்டர் ஓடும் நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டத் திணறும். 55க்கு மேல் தேடுங்கள். பெரும்பாலும் சார்ஜரில் செருகியே வேலை செய்வீர்கள் என்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தயாரிப்பாளரின் செயலியில் இயக்கிவிடுங்கள். வெயில் காலத்தில் எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாக முதுமையாக்குகிறது.

மின்சாரத்தில் ஒரு கவனம் வேண்டும். லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும், ஆகவே ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்து மாலை இடிமின்னலுக்கு அந்தத் தாங்குதிறன் உதவாது. மேகம் கறுத்து இடி கேட்டதும் சார்ஜரைப் பிளக்கிலிருந்தே கழற்றிவிட்டு பேட்டரியில் வேலை செய்யுங்கள், ரவுட்டரின் அடாப்டரையும் கழற்றுங்கள். கரண்ட் போனால் நெட்டும் போய்விடாமல் இருக்க, ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுக்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி தொட்டால் மணிக்கட்டில் லேசாக ஷாக் அடிப்பதுபோலச் சுருசுருவென்று இருக்கிறது என்று சிலர் பயந்துபோய்ச் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் லேப்டாப் அல்ல. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மாற்றியில் செருகியிருப்பார்கள், அல்லது வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்காது. எர்த்தைச் சரிசெய்தால் அது நின்றுவிடும்.

இனி விண்டோஸா, லினக்ஸா என்பது. நீங்கள் சித்தூர் தாலுகாவில் அரசு தமிழ் வழிப் பள்ளியில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லினக்ஸ் உங்களுக்குப் புதிதல்ல. கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தரும் லினக்ஸில்தான் கணினிப் பாடமே நடக்கிறது. கோவைக் கல்லூரியில் உங்களோடு படித்த பலர் வேலையில் சேர்ந்தபிறகு முதன்முதலாகக் கட்டளை எழுதும் டெர்மினலைத் தொடுவார்கள். நீங்கள் எட்டாம் வகுப்பிலேயே அதைப் பார்த்திருப்பீர்கள். இந்த அனுகூலத்தைப் பணமாகவும் மாற்றிக்கொள்ளலாம். டாக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடுவதால், விண்டோஸில் அதற்கென்று ஒதுக்க வேண்டிய ராம் மிச்சமாகிறது. அதே 16 ஜிபி இன்னும் விசாலமாகத் தெரியும். நிறுவனம் விண்டோஸ் வேண்டும் என்று சொல்லாவிட்டால், விண்டோஸ் இல்லாமல் விற்கப்படும் மாடல்களையும் விலை கேட்டுப் பாருங்கள். அப்படி வாங்கும் முன் வைஃபை சிப் எது என்று கேளுங்கள்; இன்டெல் சிப் என்றால் கவலையில்லை, மலிவான ரியல்டெக் சிப்கள் சிலவற்றோடு லினக்ஸில் மல்லுக்கட்ட வேண்டிவரும். கைரேகை உணரி வேலை செய்யாமல் போகலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு பென் டிரைவில் உபுண்டுவைப் போட்டுக்கொண்டு போய், நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். வைஃபை, ஒலி, திரையை மூடித் திறத்தல் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் போதும். விண்டோஸ்தான் என்று முடிவானால், லினக்ஸ் துணைஅமைப்புக்கு உச்சவரம்பாக 6 ஜிபி என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

எல்லையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது சர்வீஸ். இந்தியாவில் விற்கப்படும் லேப்டாப்புக்குத் தயாரிப்பாளர் வாரண்டி மாநிலம் பார்ப்பதில்லை. கோவையில் வாங்கியதைப் பாலக்காட்டிலும் காட்டலாம். ஆனால் வீட்டுக்கு வரும் பொறியாளரைப் பின்கோடு பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். உங்கள் பின்கோடு 678 என்று தொடங்கும். கோவை ஐந்தாறு ஊர் தள்ளி இருந்தாலும் அதன் பின்கோடு 641. பணம் கொடுப்பதற்கு முன் தயாரிப்பாளரின் உதவி எண்ணுக்கே அழைத்து, இந்தப் பின்கோட்டுக்கு வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் சேவை உண்டா, எந்த ஊரிலிருந்து வருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய வாரண்டி மட்டும்தான் என்றால், ஆபீஸ் முகவரியைக் கொடுத்துக் கோவையில் பார்த்துக்கொள்ளலாம். கூடுதல் ஆண்டுகளுக்கான வாரண்டியைக் கடையின் சொந்தத் திட்டமாக வாங்காமல் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் வாங்கினால் பெரும்பாலும் போதும், ஆகவே கடையில் அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம்.

பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கு எந்த மாநிலத்தில் வாங்கினாலும் வித்தியாசமில்லை. நாளைக்குச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்து கேரளத்தில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றீர்கள் என்றால், அப்போது வாங்கும் பொருளுக்கு உங்கள் பதிவு எண்ணோடு மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐ.ஜி.எஸ்.டி. போட்ட பில் கேளுங்கள்; தமிழ்நாட்டு எஸ்.ஜி.எஸ்.டி., சி.ஜி.எஸ்.டி. போட்ட பில்லை வைத்துக் கேரளப் பதிவில் வரிக்கழிவு எடுக்க முடியாது.

75,000 ரூபாயை முழுதாகச் செலவழிக்க மனமில்லை என்றால், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த வணிக மாடல்களைப் பரிசீலியுங்கள். கீபோர்டும் கீலும் சில்லறை விற்பனை லேப்டாப்களைவிட உறுதியானவை. இதிலும் மாடல் எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: டெல் லாட்டிட்யூட் 5420இல் இரண்டு ராம் ஸ்லாட்கள் உண்டு, 7420இல் ராம் பற்றவைக்கப்பட்டது, பார்ப்பதற்கு 7420தான் அழகாகவும் இலேசாகவும் இருக்கும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்த எல்லையை ஒட்டி வாங்காமல், பதினோராம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கடவுச்சொல் இருக்கிறதா, பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விண்டோஸைப் புதிதாக நிறுவிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டு, 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையைப் பேரம் பேசிக் கழித்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும் முதல் மாதத்தில் லேப்டாப் படுத்துவிட்டால் உங்களுக்குத்தான் சங்கடம் என்பதால், கடையில் ஆறு மாத எழுத்துபூர்வ வாரண்டியாவது இல்லாவிட்டால் புதியதையே வாங்குங்கள்.

கல்லூரியில் பயன்படுத்திய பழைய 4 ஜிபி லேப்டாப்பை 5,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். அதில் வரைகலைத் திரை இல்லாமல் கட்டளைகளால் மட்டும் இயங்கும் உபுண்டு சர்வரைப் போட்டு, வீட்டு வைஃபையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் போஸ்ட்கிரெஸை அதில் ஓட்டுங்கள். புதிய லேப்டாப்பில் அவ்வளவு ராம் மிச்சமாவதோடு, தொலைவில் உள்ள சர்வருக்கு எஸ்.எஸ்.எச். வழியாகப் போய் வேலை பார்ப்பதும், பேக்கப் எடுப்பதும், கரண்ட் போய்த் திரும்பும்போது சேவை தானாக எழும்படி அமைப்பதும் உங்களுக்குக் கைவந்துவிடும். பயிற்சிக் காலத்தில் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.